வெள்ளிக்கிழமைப் புகை

என் அண்ணனுக்குக் காற்றை அளப்பதுதான் வேலை. வளிமண்டல விஞ்ஞானி என்று பேப்பரில் போடுவார்கள். எங்கள் தாராவிச் சந்தில் அந்தச் சொல் யாருக்கும் விளங்காது. "காத்த அளந்து என்னல செய்யப் போற, கிலோ போட்டு விக்கவா?" என்று அவன் வேலைக்குச் சேர்ந்தபோது கேட்டவர்கள் இன்றைக்கும் அதையேதான் கேட்கிறார்கள். அம்மா மட்டும் "எம் பய காத்து டாக்டரு" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மூச்சிரைப்புக்கு மருந்து கேட்டு ஒன்றிரண்டு பேர் வாசலில் நிற்பார்கள்.

நாங்கள் இருவருமே முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். அவன் அங்கிருந்து மாட்டுங்காவில் காலேஜ், பிறகு செம்பூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடம் என்று போய், இப்போது வாஷியில் குடியிருக்கிறான். நான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே மாதிரி ஒரு பள்ளிக்கே டீச்சராக வந்து சேர்ந்தேன். அம்மாவும் நானும் பழைய வீட்டிலேயே இருக்கிறோம். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, அதற்கும் மேலே இரும்பு ஏணியில் ஏறினால் மொட்டை மாடி. எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல் என்று சந்தில் பேச்சு. இருக்கட்டும், நாற்பது பிள்ளைகளை உட்காரவைக்கிறவளுக்கு அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

அண்ணனுக்குக் கோபமே வராது. ஆனால் அவன் போகிற இடமெல்லாம் மற்றவர்களுக்குக் கோபம் வரும். சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்கிற ஜாதகம் அவனுக்கு. மும்பைக்குக் கடல் இருக்கிறது, அழுக்கையெல்லாம் கடற்காற்று கொண்டுபோய்விடும், நமக்கென்ன கவலை என்று பெரிய பெரிய ஆட்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில், அப்போதுதான் மீசை முளைத்த இவன் எழுந்து, "கடல் ஒன்றும் குப்பைத்தொட்டி இல்லை. இரவில் வாங்கிக்கொண்டதை மத்தியானம் திருப்பிக் கொடுத்துவிடும்" என்றான். அன்றைக்குத் தொடங்கியது. அடுத்து, நகரத்துத் தூசியை அடக்க லாரியில் பீரங்கி வைத்துத் தண்ணீர் அடித்தார்களே, அது ரோட்டுக்கு முகம் கழுவிவிடுகிற வேலை, நெஞ்சுக்குள் போகிற தூசிக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்றான். செயற்கை மழை பெய்வித்துக் காற்றைக் கழுவலாம் என்று யாரோ சொன்னபோது டிவியில் உட்கார்ந்து வாய்விட்டே சிரித்தான். அதற்காக அவனை ஒரு கமிட்டியிலிருந்து தூக்கினார்கள். பாதிப் பேர் அவனைத் தெய்வம் என்றார்கள், பாதிப் பேர் விளம்பரப் பைத்தியம் என்றார்கள். அவன் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அம்மாவுக்கு இந்தியும் அரைகுறை, இங்கிலீஷ் சுத்தமாகக் கிடையாது. டிவி விவாதத்தில் என்ன பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கட்டம் கட்டமாக ஆட்கள் தெரிகிறார்கள், ஒரு கட்டத்தில் தன் மகன், மற்ற எல்லாக் கட்டத்திலும் அவனைப் பார்த்துக் கத்துகிறவர்கள். அவ்வளவுதான் அவள் கண்டது.

"ஏட்டி, எத்தன பேரு அவனப் பாத்துப் பல்லக் கடிக்கான் பாரு. எம் புள்ளக்கி ஒடம்புக்கு ஆகுமா இது?" என்பாள்.

"அது அவன் வேலைம்மா. நீ சேனல மாத்து."

"மாத்துனா கண்ணேறு போயிருமா?"

இந்தக் கேள்வியை நான் அன்றைக்கே கொஞ்சம் கவனித்திருக்கலாம். பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டேன்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும் அண்ணன் ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்தான். டிபன் கேரியரை விடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் வாய் மாதிரி ஓட்டை. உள்ளே சின்ன விசிறி சுற்றிக் காற்றை உறிஞ்சும், அதிலுள்ள தூசியையும் புகையையும் அளந்து அவன் ஃபோனுக்கு அனுப்பும். செம்பூரில் ஒன்று, வாஷியில் ஒன்று வைத்தாயிற்று, தாராவிக்கு நம் மாடிதான் பத்திரம் என்றான். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, கழுவித் துடைத்த இடத்தில் வைக்கச் சொன்னாள். மறுநாள் மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். எங்கள் வீட்டில் தையல் மெஷினுக்கும் ஃப்ரிட்ஜுக்கும்கூடப் பொட்டு உண்டு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டினாற்போல் பாயண்ணனின் பட்டறை. தோல் பை தைக்கிற இடம். மாடியிலிருந்து பார்த்தால் அதன் தகரக் கூரையும், பசை காய்ச்சுகிற அடுப்பின் புகைக்குழாயும் கீழே தெரியும். எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவரும் என் அண்ணனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவருடைய வாப்பா தவறியதும் அவர் படிப்பை விட்டுப் பட்டறையில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அப்போது நல்ல விளக்கு கிடையாது. தோல் வெட்டுகிற அந்த நீளமேஜை ஓரத்தில் ட்யூப்லைட் வெளிச்சத்தில்தான் அண்ணன் காலேஜ் முடிக்கிறவரை படித்தான். அதில் அண்ணனை விடப் பாயண்ணனுக்குத்தான் பெருமை. பை வாங்க வருகிற வியாபாரிகளிடம், "டிவில சண்ட போடுதான் பாருங்க, அவன் இந்த மேஜைல எச்சி தொட்டுப் புக்கு பொரட்டுன பயதான்" என்று காட்டுவார்.

பெட்டி வைத்துக் கொஞ்ச நாளில் அண்ணன் பரபரப்பாக வந்தான். மற்ற நாளெல்லாம் சாதாரணமாக இருக்கிற கோடு, வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் விருட்டென்று மேலே ஏறுகிறது. செம்பூரில் இல்லை, வாஷியில் இல்லை, தாராவியில் மட்டும். "யம்மா, வெள்ளிக்கெழம சாயங்காலம் பக்கத்துல யாரும் குப்ப எரிக்காவளா?" என்று கேட்டான். அம்மா யோசித்து, "இல்லய்யா, அப்பிடி ஒண்ணும் இல்லயே" என்றாள். பொய் சொல்லவில்லை, குப்பை யாரும் எரிக்கவில்லைதான். என்னைக் கேட்டான். எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சயானில் ட்யூஷன், நான் வீட்டிலேயே இருப்பதில்லை.

அவன் தானாக ஒரு கணக்குப் போட்டான். எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. விடுமுறையில் கூட்டிப் பெருக்கி, வாரத்துக் கழிவுத் தோலைக் கொளுத்துகிறார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. அதை ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கட்டுரையாக எழுதினான். பேப்பரில் வந்தது, டிவியில் வந்தது. 'வெள்ளிக்கிழமைப் புகை' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். ஒரு கூட்டம் அண்ணனைத் திட்டியது, தாராவி ஏழைகளின் பிழைப்பில் கை வைக்கிறான் என்று. இன்னொரு கூட்டம் தூக்கி வைத்து ஆடியது. இதற்கு முன் அவனைத் திட்டிய பெரிய ஆட்கள்தான் இப்போது ஆடியது, அதைப் பார்த்தே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. டிவியில் சத்தம் கூடக் கூட, அடுத்த வெள்ளிக்கிழமை கோடு இன்னும் உயரமாக ஏறியது. "பாத்தியா, நாம சொன்ன பெறவும் அடங்கல, கூடத்தான் செய்யுது" என்று அண்ணன் ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

பிறகு வார்டு ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. முதல் நோட்டீஸ் பாயண்ணனுக்கு, பெட்டிக்கு மிக அருகில் இருப்பது அவர் பட்டறைதானே. விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் சீல் வைப்போம் என்றிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நான் எரிச்சேன்னு சொல்லுதியால?"

"நான் சொல்லல பாய். மெஷின் சொல்லுது."

"வெள்ளிக்கெழம தொழுதுட்டு வந்து தூங்குதவன் நான். பட்டறையத் தொறக்கதே இல்ல. அது ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். ஆனா கோடு ஏறுதே."

பாயண்ணன் வாசலுக்குத் திரும்பினார். "சரி. வெள்ளிக்கெழமையே ஆபீசுக்காரங்களக் கூட்டிட்டு வா. ஒம் மாடில நின்னே பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா எடுத்து வைத்த தட்டு அப்படியே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணனிடம் மீன் முள் குத்தட்டும் என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டு முடித்தான். நாற்பது வருஷத்துச் சினேகம், ஒரு டப்பாவுக்காக. அந்தப் பட்டறை போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது, எங்களுக்கு வேறு பாயண்ணன் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை ட்யூஷனுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். வார்டு ஆபீசிலிருந்து ஓர் இஞ்சினியர் அம்மா வந்தார், கூட இரண்டு உதவியாளர்கள். பாயண்ணன் பட்டறையைப் பூட்டி, சாவியை அந்த அம்மாள் கையிலேயே கொடுத்துவிட்டார். எல்லோரும் மாடியில் நின்றோம். அண்ணன் கையில் ஃபோன், அதில் கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது. வெயில் தாழ்ந்தது. பட்டறைப் புகைக்குழாயில் ஒரு காக்கை உட்கார்ந்து சாவகாசமாக மூக்கைத் தீட்டியது. பாயண்ணன் கையைக் கட்டிக்கொண்டு என் அண்ணனைப் பார்க்காமல் நின்றார். இஞ்சினியர் அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பூட்டையே கவனித்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு நெற்றியில் வேர்த்தது.

அப்போது ஏணியில் புகை வந்தது. புகைக்குப் பின்னால் அம்மா வந்தாள்.

கையில் சாம்பிராணிக் கரண்டி. மாட்டுங்கா மார்க்கெட்டில் கட்டியாக வாங்கி வருகிற அசல் சரக்கு. பெரிய ஆட்கள் மகனுடைய மெஷினைப் பார்க்க வந்திருக்கிறார்கள், எத்தனை கண் படுமோ என்று அன்றைக்கு இரண்டு மடங்கு போட்டிருந்தாள். எங்கள் யாரையும் அவள் சட்டை செய்யவில்லை. நேராகப் பெட்டிக்கு முன் போய் நின்று, "ஊர்க்கண்ணு, ஒறவுக்கண்ணு, டிவில கத்துதவன் கண்ணு, எல்லாம் பொகையோட போயிரணும்" என்று மூன்று சுற்றுச் சுற்றினாள். பிறகு கரண்டியைப் பெட்டியின் வாய்க்கு நேரே காட்டிக்கொண்டு, கைவிசிறியால் விசிறினாள். குழந்தைக்குக் குளிப்பாட்டித் தலை காயவைக்கிற அதே பக்குவம்.

நான் ஃபோனை எட்டிப் பார்த்தேன். கோடு ஆகாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இஞ்சினியர் அம்மா இன்னும் பூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாடியில் அந்தக் கோட்டைக் கண்டது அண்ணனும் நானும் மட்டும். அவன் முகத்தை நான் அன்றைக்குப் போல் என்றும் பார்த்ததில்லை. கட்டுரை, பெயர், டிவி, எதிரிகள், எல்லாம் அந்தச் சின்ன ஃபோனில் இருந்தது. ஒரு விரலால் அணைத்துச் சட்டைப்பையில் போட்டிருந்தால் கதை வேறு. அவன் ஒன்றும் யோசிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன், யோசித்தான். யோசித்துவிட்டு, ஃபோனைக் கொண்டுபோய் அந்த அம்மாளிடம் கொடுத்து, அம்மாவைக் கையால் காட்டி, இந்தியில் சொன்னான்: "மேடம், எழுதிக்கொள்ளுங்கள். புகை வருகிற இடம், என் அம்மா."

இஞ்சினியர் அம்மா ஃபோனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், இருமினார், பிறகு கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். உதவியாளர்கள் அடக்கிப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்கள். நான் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா ஒன்றும் புரியாமல், வந்ததுதான் வந்தோம் என்று இஞ்சினியர் அம்மாளுக்கும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். பாயண்ணனும் சிரித்தார். ஆனால் சாவியை வாங்கிக்கொண்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் இறங்கிப் போய்விட்டார்.

நோட்டீஸை ரத்து செய்தார்கள். அண்ணன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகத் தானே எழுதினான், காரணத்தையும் ஒளிக்காமல் எழுதினான். அந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஆசிரியர் சாம்பிராணி என்றால் என்ன இயந்திரம் என்று கேட்டு எழுதினாராம். டிவிக்காரர்களுக்குத் தீபாவளி. 'சாம்பிராணி விஞ்ஞானி' என்று பட்டமே கட்டிவிட்டார்கள். தண்ணீர்ப் பீரங்கி ஆட்கள் மைக்கை விடவில்லை. அண்ணனும் ஒவ்வொரு சேனலாகப் போய் உட்கார்ந்து, "ஆமாம், தப்பு என்னுடையதுதான், அடுத்த கேள்வி?" என்றான். அப்படி ஒருவன் சொன்னால் எதிரே இருப்பவன் எவ்வளவு நேரம்தான் கத்துவான். இரண்டு வாரத்தில் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

அம்மாதான் உடைந்துபோனாள். "எம் புள்ள பேர நானே கெடுத்திட்டேனே" என்று கரண்டியைப் பரணில் தூக்கிப் போட்டாள். வெள்ளிக்கிழமை வந்தது, வீட்டில் சாம்பிராணி மணம் இல்லை. எனக்கே என்னவோ போல் இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணன் வந்து நின்றான், வாஷியிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து, வேலைநாள் கூட்டத்தில் நசுங்கி. பரணில் ஏறிக் கரண்டியை எடுத்தான். மனைப்பலகையைப் போட்டு அம்மா எதிரில் உட்கார்ந்தான்.

"பொட்டிக்கு என்னத்துக்கும்மா கண்ணேறு? எனக்குப் போடு."

"ஆபீசு கெடக்கேய்யா?"

"கெடக்கட்டும். இனி வாராவாரம் வாரேன். நல்லா மூஞ்சில படுத மாதிரி போடு."

அம்மா போட்டாள். நரை விழுந்த அந்தத் தலையைச் சுற்றி ஆசை தீரப் போட்டாள். காற்றில் ஒரு தூசி இருந்தால் உலகத்துக்கே சொல்கிறவன் கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றான். நான் அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுதால் எனக்கு மூக்கு சிவந்துவிடும், பார்க்க நன்றாக இருக்காது.

எழுந்ததும் அவன் என்னைக் கூப்பிட்டான். "பாய் வீட்டுக்குப் போவோம், வா." அவனுக்குத் தனியாகப் போகப் பயம். ஊரையே எதிர்த்துப் பேசுகிறவன், பின்சுவரைத் தாண்டத் துணைக்கு ஆள் தேடினான்.

வெள்ளிக்கிழமையாக இருந்தும் பட்டறைக் கதவு திறந்திருந்தது, நோட்டீஸ் அலைச்சலில் தேங்கிப்போன வேலை. பாயண்ணன் நீளமேஜையில் தனியாக உட்கார்ந்து தோல் வார்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, மூக்கை உறிஞ்சி, "தர்கா மாதிரி மணக்குதியேல" என்றார். அவ்வளவுதான், மறுபடி குனிந்துகொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

அண்ணன் நின்றபடியே சொன்னான். "மெஷின் சொல்லுதுன்னு அன்னைக்குச் சொன்னேன் பாய். அது பொய். மெஷின் பொகன்னு மட்டுந்தான் சொல்லிச்சு. நீதான்னு சொன்னது நான்."

பாயண்ணன் சுருட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு வார், இன்னொரு வார். எனக்கு வாய் துறுதுறுத்தது, இரண்டு பேரையும் சேர்த்து நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று. நல்லவேளை கேட்கவில்லை.

"அந்தப் பொட்டிய என்ன செஞ்ச?" என்றார்.

"கழட்டி வச்சிருக்கேன். இனி இங்கன அத யாரு நம்புவா? வேற எங்கயாவது கொண்டு போகணும்."

"காலி பீலி, சும்மா எதுக்கு அலையுத? கொண்டா."

நான்தான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். பாயண்ணன் அதை என் கையிலிருந்து வாங்கி, ஈரத்துணியால் குங்குமத்தை அழிக்காமல் சுற்றிலும் துடைத்தார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் பட்டறை ஏணியில் ஏறினார். அண்ணன் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டான். கூரை மேலிருந்து குரல் வந்தது.

"வாய எந்தப் பக்கம்ல வைக்கணும்?"

"எந்தப் பக்கம் வச்சாலும் ஒண்ணுதான் பாய்" என்றான் அண்ணன்.

பாயண்ணன் பெட்டியை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதன் வாயைத் தன் புகைக்குழாயைப் பார்த்துத் திருப்பி வைத்து, நல்ல தோல் வாராகப் பார்த்து எடுத்து, இறுக்கிக் கட்டினார்.